சொட்டி முடியட்டும்

எங்கள் தொழிற்சாலையில் செய்வது தண்ணீர்க் குழாய்கள். பித்தளையில் வார்த்து, கடைந்து, மெருகேற்றி வரும் குழாய்க்கு நிக்கலும் குரோமியமும் பூசி முகம் பார்க்கிற அளவுக்கு மின்ன வைக்கும் பிரிவுக்கு நான் மேற்பார்வையாளன். பதினெட்டு வருஷமாக அதே கூடம்தான். கூடத்துக்குப் பின்னால் இருக்கும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை நாங்கள் யாரும் முழுப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ‘பின்கட்டு’ என்போம். வீட்டில் பாத்திரம் கழுவிய தண்ணீர் பின்பக்கம் போய்விடுகிற மாதிரி, குழாய்களை நாங்கள் அலசிய தண்ணீர் அங்கே போகும். அப்புறம் அது என்ன ஆகிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

அந்தப் பின்கட்டுக்குப் பொறுப்பாளராக வந்தவள் என் மச்சினி, என் மனைவியின் தங்கை. வேதியியல் படித்துவிட்டு ஒரு குடிநீர் ஆய்வகத்தில் ஏழு வருஷம் வேலை பார்த்தவள். ஆய்வகத்தை வேறு ஊருக்கு மாற்றியபோது அவள் கூடப் போகவில்லை. புருஷனுக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் எட்டு மாசம் கடல்தான். அதனால் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தாள். சிபாரிசு செய்தது நான். “நம்ம வீட்டுப் பொண்ணு சார். பின்கட்டுல உட்கார்ந்திருக்கறதே தெரியாது, அவ்வளவு அமைதி” என்று முதலாளியிடம் சொல்லியிருந்தேன். அந்த வாக்கியத்தை முதலாளி பிறகு எத்தனை தடவை எனக்கே சொல்லிக் காட்டினார் என்பதற்குக் கணக்கில்லை.

வந்த இரண்டாவது வாரமே ஆட்கள் அவளுக்கு ‘வடிகட்டி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். யார் எதைச் சொன்னாலும் அப்படியே விழுங்க மாட்டாள். ஒரு தடவை வடித்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புவாள். அவளுக்கும் அந்தப் பெயர் தெரியும். “திருஷ்டிக்கு ஒரு பேரு வேணும்ல, இருக்கட்டும் மாமா” என்று சிரித்தாள்.

அந்த வருஷம் வெளிநாட்டிலிருந்து பெரிய கொள்முதல் ஒன்று வந்தது. பூச்சு வேலை ஒன்றரை மடங்கானது. புதுத் தொட்டிகள் போட்டோம், ஆட்கள் சேர்த்தோம். பின்கட்டில் மட்டும் யாரும் ஒரு செங்கல் கூடக் கூடுதலாக வைக்கவில்லை. அது யாருக்கும் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, கூடத்துத் தரையில் அலசல் தண்ணீர் பின்வாங்கி ஏறுகிறது என்று ஆட்கள் சத்தம் போட்டார்கள். பின்கட்டுக்கு ஓடினேன். வாய்க்காலுக்குத் திறக்கும் கடைசி வால்வை அவள் மூடிவிட்டு, அதன் சக்கரத்தில் சங்கிலி சுற்றிப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா பண்றே? உள்ள தண்ணி நிக்குது!”

“தெரியும் மாமா. லைனை நிறுத்துங்க.”

“நிறுத்தறதா? இன்னிக்கு ரெண்டாயிரம் பீஸ் போகணும். தலைக்கு மேல வேலை கிடக்குது.”

“தலைக்கு மேல வேலை, முழங்காலுக்குத் தண்ணி. ரெண்டையும் ஒண்ணா வச்சுக்க முடியாது. இந்தத் தண்ணிய நான் வெளிய விட மாட்டேன்.”

முதலாளி வந்தார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் மூக்குக்கு மேல் கோபம். வெளியே போகும் கால்வாயை எட்டிப் பார்த்தார். “தண்ணி தெளிவாத்தானேம்மா இருக்கு?” என்றார்.

அவள் ஒரு நீளமான கண்ணாடிக் குடுவையில் அதே தண்ணீரை மொண்டு மேசைமேல் வைத்தாள். “பத்து நிமிஷம் சார். உட்காருங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். முதலாளியைத் தன் எதிரில் பத்து நிமிஷம் சும்மா உட்கார வைத்த ஆளை நான் அன்றுதான் பார்த்தேன். மூன்று பேரும் அந்தக் குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தோம். தெளிவு என்று நாங்கள் நினைத்த தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் மிதந்தது எல்லாம் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. பத்தாவது நிமிஷம் அடியில் பச்சைச் சாம்பல் நிறத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு படிவு.

“இது நிக்கலும் குரோமியமும் சார். மருந்து போட்டுத் தூளாத் திரிச்சிடறேன். என் தொட்டியோட ஆழத்துக்கு அந்தத் தூள் அடியில உட்கார ரெண்டு மணி நேரம் வேணும். நீங்க அனுப்புற வேகத்துக்கு ஒண்ணரை மணி நேரம் கூட என் தொட்டியில நிக்கறதில்ல. உட்காரறதுக்குள்ள எழுப்பி வெளிய தள்ளிடுது. வாய்க்கால் போற வழியில வயல் இருக்கு, கிணறு இருக்கு. எப்படி விடறது?”

முதலாளி குடுவையைக் கையில் எடுத்து ஒருமுறை ஆட்டினார். தூள் மறுபடி எழும்பி மறைந்தது. அவர் முகம் மாறிவிட்டது.

“இன்னொரு தொட்டி கட்டணுமா?”

“கட்ட இடம் இல்ல. கட்டி முடிக்க ஆறு மாசம் ஆகும். தொட்டி வேண்டாம் சார். தண்ணியக் குறைக்கலாம்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அலசுகிற தண்ணீரைக் குறைத்தால் குழாயில் கறை விழும். இது பூச்சு வேலை பார்க்கிற சின்னப் பையனுக்குக் கூடத் தெரியும். “அவ இடத்துல அவ பேசட்டும் சார், என் லைன்ல கை வைக்க வேண்டாம்” என்றேன். முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “பத்து நாள். அதுவரைக்கும் பாதி லைன் மட்டும் ஓடட்டும். அந்த அளவுக்கு மட்டும் வால்வைத் திறந்து பூட்டிக்கம்மா. வாங்குறவங்ககிட்ட நான் பேசிக்கறேன். மாமாவும் மச்சினியும் சேர்ந்து வழி சொல்லுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது என் பக்கம் திரும்பி, “அமைதியான பொண்ணுன்னு சொன்னீங்க” என்றார்.

அன்று வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது நானும் அவளும் ஒரு வார்த்தை பேசவில்லை. “உப்பு” என்று நான் சொன்னால் அவள் என் மனைவியைப் பார்த்தாள். என் மனைவி இரண்டு பேருக்கும் நடுவில் உப்பு ஜாடியை டக்கென்று வைத்தாள்.

“ரெண்டு பேரும் ஃபேக்டரிய செருப்போட வாசல்லயே விட்டுட்டு வரணும், சொல்லிட்டேன். ஏண்டி, நீ மாமாகிட்ட நேரா சொல்ல வேண்டியதத்தானே?”

“சொன்னேன் அக்கா. ரெண்டு மாசமா சொல்றேன். ‘ஆகட்டும் பாக்கலாம்’னாரு.”

அது உண்மை. ‘ஆகட்டும் பார்க்கலாம்’ என்று நான் சொன்னது எனக்கே ஞாபகம் வந்தது.

மறுநாள் காலை அவள் கூடத்துக்கு வந்தாள், ஒரு வாளியோடும் கைக்கடிகாரத்தோடும். அலசல் தொட்டிகள் ஐந்து. ஒவ்வொன்றிலும் ஒரு ரப்பர் குழாய், காலை முதல் மாலை வரை திறந்தபடியே ஓடும். ஒவ்வொரு ரப்பர் குழாயையும் வாளிக்குள் விட்டு எத்தனை விநாடியில் நிறைகிறது என்று குறித்தாள். இருபது லிட்டர் வாளி, ஐம்பது விநாடி. அதையே காலையில் ஒருமுறை, உச்சியில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. மூன்று நாள் இப்படி நின்றாள். ஆட்கள் தங்களுக்குள் சிரித்தார்கள். “வடிகட்டி வாளி தூக்கிருச்சு, பால் கறக்க வந்திருக்கு” என்றான் எங்கள் நெட்டையன். குழாய்கள் மாட்டிய சட்டங்களைத் தொட்டியிலிருந்து தூக்கி அடுத்த தொட்டியில் இறக்குகிறவன் அவன். ஆறடிக்கு மேல் உயரம், வாய் அதைவிட நீளம்.

மூன்றாம் நாள் ஒரு தாளை என்னிடம் நீட்டினாள். முழு லைனும் ஓடினால் ஒரு நாளைக்கு அறுபத்தைந்தாயிரம் லிட்டர். பின்கட்டு தாங்குவது நாற்பதாயிரம்.

“மாமா, இதுல ஒன்பதாயிரம் லிட்டர் நீங்க எல்லாரும் சாப்பிடப் போற நேரத்துலயும் டீ குடிக்கப் போற நேரத்துலயும் ஓடுது. அப்ப எந்தக் குழாய அலசுது அந்தத் தண்ணி?”

பதினெட்டு வருஷமாக நான் சாப்பிடப் போன ஒவ்வொரு வேளையும் எனக்குப் பின்னால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. காதில் விழுந்திருக்கும். ஒருநாளும் கேட்டதில்லை.

அடுத்து அவள் நெட்டையனிடம் போனாள். நிக்கல் தொட்டியிலிருந்து அவன் சட்டத்தைத் தூக்கியதும் எத்தனை விநாடி பிடித்திருக்கிறான் என்று பார்த்தாள். மூன்று விநாடி. பச்சையாகச் சொட்டச் சொட்ட அப்படியே அலசல் தொட்டிக்குள் இறக்கினான்.

“அண்ணே, அந்தச் சொட்டு நிக்கும் வரைக்கும் கொஞ்சம் பொறுங்க. பதினஞ்சு செகண்டு போதும். அந்தத் தண்ணி திரும்ப அந்தத் தொட்டிக்குள்ளயே விழட்டும். அலசற தண்ணிக்கு வராது. எனக்கும் வராது.”

நெட்டையன் சட்டத்தைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தான். “பன்னெண்டு கிலோ இது. பதினஞ்சு செகண்டு தூக்கிப் புடிச்சிட்டு நிக்க நான் என்ன துணி காயப்போடற கம்பியா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவனையே பார்த்தாள்.

“கம்பி! அண்ணே, அதேதான். நீங்க ஏன் புடிக்கணும்? தொட்டிக்கு மேல ஒரு கம்பி போட்டு மாட்டிடுங்க. அது சொட்டி முடியறதுக்குள்ள அடுத்த சட்டத்த எடுங்க.”

நெட்டையன் கிண்டலுக்குச் சொன்னது அவன் யோசனையாகவே ஆகிவிட்டது. அன்று மாலையே அவனே பட்டறையிலிருந்து துருப்பிடிக்காத கம்பிகளை வெட்டி எடுத்துவந்து, தன் உயரத்துக்கு அளந்து மாட்டினான். “இது என் ஐடியா, தெரியுமா?” என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னான். “ஆமா, அண்ணன் ஐடியாதான்” என்று அவளும் சொன்னாள். சொன்ன விதத்தில் துளிக் கேலி இல்லை.

பெரிய மாற்றம் அலசல் தொட்டிகளில்தான். நிக்கலுக்கு முன்னால் ஒன்று, நிக்கலுக்குப் பிறகு இரண்டு, குரோமியத்துக்குப் பிறகு இரண்டு என்று தொட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நல்ல தண்ணீர். அவள் சொன்னது இது: நல்ல தண்ணீரைக் கடைசித் தொட்டிக்கு மட்டும் விடு. அது நிரம்பி வழிவது முன்னால் இருக்கும் தொட்டிக்குப் போகட்டும். குழாய் முன்னே போகும், தண்ணீர் பின்னே வரும். அழுக்கான குழாய் முதலில் அழுக்குத் தண்ணீரில் படும், சுத்தமாகிக்கொண்டே போய்க் கடைசியில் சுத்தமான தண்ணீரில் முடியும்.

“வீட்டுல அரிசி களையறப்போ முதல் தடவையே குடிக்கிற தண்ணியிலயா களையறோம்?” என்றாள். அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு விளங்கிவிட்டது. வெளியே ஒப்புக்கொள்ளத்தான் இரண்டு நாள் ஆனது. பத்து நாளில் ஆறாம் நாள், பழைய தொட்டிகளைக் கொஞ்சம் ஏற்றி இறக்கி வைத்து, அவள் சொன்னபடி இணைத்தோம். சாப்பாட்டு மணி அடித்தால் தானே மூடிக்கொள்ளும் வால்வு ஒன்றையும் மின்பணியாளர் பொருத்தினார்.

ஏழாம் நாள் காலை முதல் தொகுதி உலர்ந்து வெளியே வந்தது. முந்நூறு குழாய்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் புள்ளி, அம்மைத் தழும்பு மாதிரி.

மறைக்காமல் சொல்கிறேன்: எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்தது. ‘சொன்னேன்ல’ என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆட்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். முதலாளி ஒரு குழாயை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். “பழையபடி மாத்திடுங்க” என்றார்.

அவள் அந்தக் குழாயை எடுத்துக்கொண்டாள். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். யார் மேலும் பழி போடவில்லை. தண்ணீர் சரியில்லை, ஆட்கள் சரியில்லை என்று ஒரு சாக்கும் சொல்லவில்லை. “தப்பு என் பக்கம்தான் சார். ஆனா எங்கேன்னு தெரியல. நாளைக்கு மதியம் வரைக்கும் டைம் குடுங்க. கண்டுபிடிக்க முடியலேன்னா நானே பழைய ரப்பர் குழாயெல்லாம் மாட்டிக் குடுக்கறேன்” என்றாள். எனக்குள் இருந்த அந்தச் சின்ன சந்தோஷம் எங்கே போனது என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை என் மனைவி துணி அலசிக்கொண்டிருந்தாள். மாடியிலிருந்து இறங்கி வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். என் மனைவி வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் விட்டுக்கொண்டிருந்தாள். நீலம் புகை மாதிரி சுருண்டு சுருண்டு கீழே இறங்கியது.

“அக்கா, அந்த பாட்டிலக் குடு.”

“ஏண்டி, வெள்ளைத்துணி இன்னும் பாதி இருக்கு!”

“சாயந்தரம் புதுசு வாங்கித் தரேன்.” பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். “மாமா, வண்டிய எடுங்க.”

கூடத்துக்குப் போய்க் கடைசி அலசல் தொட்டியில் தண்ணீரைத் திறந்தாள். தண்ணீர் நுழையும் இடத்தில் நீலத்தைக் கால் பாட்டில் ஊற்றினாள். நானும் நெட்டையனும் குனிந்து பார்த்தோம். நீலம் கலங்கவில்லை, இறங்கவில்லை. தண்ணீரின் மேல் ஒரு ரிப்பன் மாதிரி நேராக ஓடி, அரை நிமிஷத்தில் எதிரே இருந்த வழிவாய் வழியாக வெளியேறிவிட்டது. அடியில் இருந்த தண்ணீரில் ஒரு துளி நீலம் இல்லை.

“அடப்பாவி” என்றான் நெட்டையன். “விருந்தாளி வாசலோட வந்துட்டு வாசலோட போற மாதிரில்ல போவுது!”

எனக்கும் விளங்கியது. மேலே நுழைந்த நல்ல தண்ணீர் மேலேயே வழிந்து போயிருக்கிறது. குழாய்கள் முங்கியதெல்லாம் அடியில் தேங்கிய பழைய அழுக்கில். முன்பு தண்ணீர் வெள்ளமாக ஓடியதால் அந்தக் குறை தெரியாமலே இருந்தது. தண்ணீரைக் குறைத்ததும் வெளியே வந்துவிட்டது. அந்தத் தொட்டிகளைப் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அப்படி வைத்தவன் நான்.

சட்டைக்கையை மடித்துக்கொண்டு குழாய்க் குறடை எடுத்தேன். தண்ணீர் நுழையும் குழாயை ஒரு மூலையில் அடிவரை இறக்கினேன். வழியும் வாயை எதிர் மூலையில் மேலே வைத்தேன். அடியில் துளையிட்ட ஒரு குழாயைப் படுக்கவைத்துக் காற்று விட்டோம், தண்ணீர் கொதிக்கிற மாதிரி குமிழியிட. அவள் ஒவ்வொரு திருகையும் எனக்கு எடுத்துக் கொடுத்தாள். பதினொன்றரைக்கு மறுபடி நீலம் ஊற்றினோம். அது அடியிலிருந்து கிளம்பி, விரிந்து, தொட்டி முழுக்க ஒரே நீலமாகிப் பின்பு நிதானமாக மங்கியது. அவள் கைக்கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டாள். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, “பாத்தீங்களா மாமா, பாத்தீங்களா” என்றாள். என் கல்யாணத்தன்று எட்டு வயசுப் பெண்ணாக அவளிடம் பார்த்த அதே முகம்.

நீலத்தை முழுக்க வடித்துத் தொட்டிகளைக் கழுவி, மாலை மூன்று மணிக்கு அடுத்த தொகுதியை விட்டோம். அவள் கேட்ட மதியக் கெடு தாண்டியிருந்தது. முதலாளியும் அங்கேயே நின்றிருந்தார், கெடுவைப் பற்றிக் கேட்கவில்லை. குழாய்கள் உலர்ந்து வந்தன. ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகமே அதில் தெரிந்தது, ஒரு புள்ளிகூட இல்லாமல்.

ஆனால் அவள் வேலை அத்தோடு முடியவில்லை என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. தண்ணீர் குறைந்ததால் வருகிற அழுக்கு கெட்டியாக வந்தது. பழைய அளவில் மருந்து போட்டால் செல்லாது. ஆறு கண்ணாடிக் குடுவைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் மருந்தின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, கலக்கிக் கலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் நான் வேலை முடிந்ததும் போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். பதினெட்டு வருஷத்தில் அங்கே நான் போய் நின்றதே இல்லை.

“மாவு மாதிரி இருந்தா உட்காராது மாமா. ரவை மாதிரி திரியணும். இதோ, நாலாவதப் பாருங்க.”

நாலாவதில் ரவை ரவையாகத் திரிந்து, பார்க்கப் பார்க்க அடியில் இறங்கி, மேலே தண்ணீர் பளிங்காக நின்றது. அந்த அளவைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சுவரில் ஒட்டினாள். பிறகு பூட்டைத் திறந்து, சங்கிலியைக் கழற்றி, கடைசி வால்வைத் தன் கையால் முழுக்கத் திறந்தாள்.

மாசு கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்து மூன்று தடவை தண்ணீர் எடுத்துப் போனார். மூன்று தடவையும் அனுமதித்த அளவுக்கு வெகு கீழே. இப்போது முழு லைனும் ஓடுகிறது. பின்கட்டுக்குப் போவது நாளொன்றுக்குப் பதினெட்டாயிரம் லிட்டர். பாதித் தொட்டி காலியாகக் கிடக்கிறது.

முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு வைத்து அவளைப் பாராட்டினார். “என்ன வேணும் கேளும்மா” என்றார். என்னைக் கேட்டிருந்தால் ஆயிரம் கேட்டிருப்பேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

“என் அறைக்கும் பூச்சுக் கூடத்துக்கும் நடுவுல இருக்கற சுவத்துல ஒரு ஜன்னல் வேணும் சார்.”

“ஜன்னலா? எதுக்கு?”

“தண்ணி என்கிட்ட வந்தப்புறம் பாக்கறதவிட, கிளம்பற இடத்துலயே பாக்கறது நல்லது.”

ஒரு விடுமுறை நாளில் நானும் நெட்டையனும் சுவரை இடித்துச் சட்டம் வைத்துக் கண்ணாடி போட்டோம். சொட்டி முடியுமுன் குழாய்ச் சட்டத்தை அவசரப்பட்டு எடுக்கிறவனுக்கு அந்தக் கண்ணாடியில் டொக் டொக் என்று தட்டு விழும் என்று ஆட்களுக்கு முதலில் பயம். அப்படி இரண்டு மூன்று தடவை விழவும் செய்தது. ஆனால் கண்ணாடிக்கு இரண்டு பக்கம் இருக்கிறதே. மதியம் இரண்டு மணியாகியும் அவள் சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமல் மேசையில் கிடப்பதை இந்தப் பக்கத்திலிருந்து முதலில் பார்த்தவன் நெட்டையன்தான். இத்தனை மாசமும் அவள் ஒழுங்காகச் சாப்பிட்டதே இல்லை என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

இப்போதெல்லாம் ஒரு மணி அடித்தால் அவன் ஜன்னலுக்குப் போய்க் கண்ணாடியில் தட்டுகிறான். அவள் நிமிர்ந்து பார்த்தால் வாயருகே கையைக் கொண்டுபோய்ச் சாப்பிடச் சொல்லிக் காட்டுகிறான். அவள் ‘இதோ’ என்று ஒரு விரலைக் காட்டுவாள். அவன் நகர மாட்டான். அவள் டப்பாவைத் திறந்து முதல் வாய் வைக்கிற வரைக்கும், தண்ணீர் நின்று அமைதியாகிவிட்ட அந்தக் கூடத்தில், கைகட்டி நின்றுகொண்டிருப்பான்.